மணாலி முதல் லே வரை: கூட்டுப் பயணமும் பொதுப் பணமும்

ஹிமாச்சலப் பிரதேசத்தின் மணாலியையும் லடாக்கின் தலைநகரங்களுள் ஒன்றான லேயையும் இணைக்கும் மலை நெடுஞ்சாலை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமுடையது. பீர் பஞ்சால் மலைத்தொடரைக் குடைந்து 9.02 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட பின்னர் பயண நேரம் பெரிதும் குறைந்துவிட்டது என்றாலும், பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுலுங் லா, தங்லங் லா ஆகிய நான்கு உயர்ந்த கணவாய்களை ஏறி இறங்கியே இன்றும் லேயை அடைய முடிகிறது. பனி அகற்றப்படும் மே, ஜூன் மாதங்களிலிருந்து அக்டோபர் வரை திறந்திருக்கும் இச்சாலையில் தமிழ்நாட்டிலிருந்தும் நண்பர் குழுக்களும் தம்பதியரும் பைக்குகளிலும் வாடகை வேன்களிலும் செல்கின்றனர். பனிமுகடுகளையும் நிறம் மாறும் மலைச்சரிவுகளையும் பற்றி எழுதியவர்கள் பலர். சேர்ந்து செல்வோர் தங்களுக்குள் பணத்தை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதைக் கவனிப்பதற்கும் இச்சாலை மிகப் பொருத்தமான இடம். ஏனெனில் கீலாங்கைத் தாண்டிவிட்டால் லேயின் சுற்றுவட்டாரத்தை அடையும் வரை நம்பத்தக்க ஏடிஎம் இல்லை, பெரும்பகுதித் தூரத்துக்குக் கைபேசியில் சிக்னல் கிடைப்பதில்லை, மனக்கசப்பு ஏற்பட்டால் பிரிந்து வேறு வழியில் போவதற்குப் பக்கவாட்டுச் சாலைகளும் மிகக் குறைவு.

ஆயினும் பணச் சிக்கல் மலையில் தொடங்குவதில்லை, சென்னையிலேயே தொடங்கிவிடுகிறது. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், டெல்லி செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கோடை விடுமுறைக்கு இடம் பிடிக்க நினைப்பவர்கள் முன்பதிவு திறக்கும் காலை நேரத்திலேயே ஐஆர்சிடிசி தளத்தில் தயாராக இருக்க வேண்டியுள்ளது. ஒரு பயணச்சீட்டில் ஆறு பேர் வரை சேர்க்க முடியும் என்பதால், குழுவில் வேகமான இணைய இணைப்பும் கணக்கில் போதிய இருப்பும் உள்ள ஒருவர் எல்லோருக்குமாகப் பணம் கட்டிவிடுகிறார். கட்டிய நொடியில் அவர் மற்ற ஐவருக்கும் கடன் கொடுத்தவராகிவிடுகிறார். இருவர் அன்று மாலைக்குள் ஜிபேயில் அனுப்பிவிடுவர், ஒருவர் சம்பளம் வரட்டும் என்பார், ஒருவர் மறந்துபோவார், இன்னொருவர் மொத்தமாக ஊரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பார். இவர்களில் ஏமாற்ற நினைப்பவர் எவரும் இல்லை, கேட்டால் கொடுத்துவிடுவர். கேட்க வேண்டியிருக்கிறது என்பதே சிக்கல். பயணச்சீட்டை ரத்து செய்தாலும் தொகை கட்டியவரின் கணக்குக்கே திரும்புவதால், அதைப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுகிறது.

தமிழ்ச் சமூகத்துக்குக் கொடுக்கல் வாங்கல் கணக்கு புதிதன்று. மொய் நோட்டில் ஏறிய தொகை இருபது ஆண்டுகள்கூட அமைதியாகக் காத்திருக்கும். கொடுத்தவர் வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது அது திரும்ப வேண்டும் என்ற முறை அங்கே எழுதாமலே நிலைபெற்றிருப்பதால், இடைப்பட்ட காலத்தில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நண்பர்களின் பயணக் கடனுக்கு அத்தகைய தவணை நாள் எதுவும் இல்லை. அதனால்தான் தொகை சிறிதாக இருந்தும் உறுத்தல் பெரிதாகிறது. பயணத்தில் பொதுப் பணம் எதற்காக என்ற கேள்விக்கு நியாயமான பங்கீட்டுக்காக என்பதே வழக்கமான விடை. இச்சாலையில் குழுக்கள் படும் பாட்டைப் பார்த்தால், பயணம் முடியும் வரை எவரும் எவருக்கும் கடன்காரராகாமல் இருப்பதற்காகவே அது முதன்மையாகத் தேவைப்படுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

கூட்டுச் செலவைக் கையாள இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. செலவு வரும்போது கையில் பணமிருப்பவர் கொடுத்துவிட்டு, பயணம் முடிந்த பின் கூட்டிக் கழித்துப் பங்கு பிரிப்பது முதல் முறை. இதைப் பின்கணக்கு எனலாம். புறப்படும் முன்பே ஆளுக்குச் சமமான தொகையைப் போட்டு ஒரு பொதுப் பணப்பையை உருவாக்கி, பொதுச் செலவு அனைத்தையும் அதிலிருந்து மட்டுமே செய்வது இரண்டாம் முறை, இது முன்பணம். அமெரிக்காவில் 2011இல் தொடங்கப்பட்ட ஸ்ப்ளிட்வைஸ் போன்ற செயலிகள் பின்கணக்கை மிக எளிதாக்கிவிட்டன. நால்வர் சென்ற பயணத்தில் மொத்தச் செலவு 40,000 ரூபாய் என்று கொள்வோமானால் ஒருவர் பங்கு 10,000. முதலாமவர் 22,000, இரண்டாமவர் 12,000, மூன்றாமவர் 6,000 செலவிட்டு நான்காமவர் ஒன்றுமே கொடுக்காதிருந்தால், நான்காமவர் முதலாமவருக்குப் 10,000, மூன்றாமவர் முதலாமவருக்கு 2,000, இரண்டாமவருக்கு 2,000 என மூன்றே பரிமாற்றங்களில் கணக்கு நேராகிவிடும். எத்தனை பேர் எத்தனை முறை செலவு செய்திருந்தாலும் ஆள் எண்ணிக்கையை விட ஒன்று குறைவான பரிமாற்றங்களுக்கு மேல் தேவைப்படாது என்பது இதன் பின்னுள்ள கணிதம்.

கணிதத்தில் குறையில்லை. ஆனால் பத்து நாள் பயணத்தின் ஏழாம் நாளில் முதலாமவரின் கைப்பணம் 12,000 ரூபாய் அளவுக்குப் பிறருக்காக முடங்கியிருக்கிறது. நான்காமவரோ தம் பணம் அப்படியே இருப்பதைக் கண்டு, லே கடைவீதியில் பஷ்மினா சால்வை விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைப் பார்க்கும் முதலாமவர் மனத்தில் எழுவதை எந்தச் செயலியும் பதிவு செய்வதில்லை.

மணாலியில் முன்பணம் திரட்டும் குழு முதலில் தீர்மானிக்க வேண்டியது, எது பொதுச் செலவு, எது தனிச் செலவு என்பதை. பொதுச் செலவிலும் இரண்டு வகை உண்டு. ஆள் கூடினாலும் குறைந்தாலும் மாறாத வேன் வாடகை, ஓட்டுநர் படி போன்றவை வண்டிச் செலவு. ஆளுக்கேற்பக் கூடிக் குறையும் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் போன்றவை தலைச் செலவு. இந்த வேறுபாடு ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லும்போதுதான் உறைக்கும். 60,000 ரூபாய்க்கு டெம்போ டிராவலர் பேசிய ஆறு பேர் குழுவில் ஒருவர் விலகினால், மற்றவர்களின் பங்கு 10,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாயாக உயர்கிறது. விலகியவர் தம் சாப்பாட்டுச் செலவைக் குழுவுக்கு மிச்சப்படுத்தியதாக நினைப்பார், குழுவோ அவர் இருக்கையின் வாடகையைச் சுமப்பதாக நினைக்கும். வண்டி பேசி முன்பணம் கொடுத்த பின் விலகுபவர் வண்டிச் செலவில் தம் பங்கைத் தர வேண்டும், தலைச் செலவில் தர வேண்டியதில்லை என்ற விதியை வாட்ஸாப் குழு தொடங்கிய அன்றே எழுதிவிட்டால் போதும். மதுச் செலவைத் தனிக் கணக்கில் வைப்பது அதைவிட அவசரமான விதி. குடிக்காத ஒருவர் ஏழு நாள் பிறர் குடிக்குப் பங்கு கொடுத்துவிட்டுப் புன்னகையோடு இருப்பார் என்று எதிர்பார்ப்பது அவருடைய பொறுமையைச் சோதிப்பதாகும்.

பணப்பையை யார் வைத்திருப்பது என்பதிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. சபரிமலை செல்லும் பல குழுக்களில் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்த பணம் குருசாமியிடமோ அவர் பொறுப்பளித்தவரிடமோ சேர்கிறது. வேன், சமையல், வழிச்செலவு அனைத்தும் அதிலிருந்தே நடக்கின்றன, வழியில் எவரும் கணக்குக் கேட்பதில்லை. அந்த நம்பிக்கை மாலையிலிருந்தும் விரதத்திலிருந்தும் மூத்தவர் என்ற மதிப்பிலிருந்தும் வருவது. ஒத்த வயது நண்பர்களுக்குள் அத்தகைய அதிகாரம் எவருக்கும் இல்லாததால், அங்கே நம்பிக்கையின் இடத்தைத் திறந்த கணக்கு நிரப்ப வேண்டியிருக்கிறது: ஒரு சிறு நோட்டு, அன்றன்று இரவு எழுதும் வழக்கம், யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்ற நிலை. வரவு செலவைத் துல்லியமாக வைப்பவரைவிட, பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால் அதைப் பெரிதாக்காதவரே பணப்பைக்குப் பொருத்தமானவர். பெரும்பாலான குழுக்கள் இதற்கு நேர்மாறானவரையே தேர்ந்தெடுக்கின்றன.

சுரங்கப்பாதையைக் கடந்து லாஹௌல் பள்ளத்தாக்கில் இறங்கினால், சந்திரா, பாகா ஆகிய இரண்டு ஆறுகள் கூடும் தாண்டியில் ஒரு பெட்ரோல் பங்க் வருகிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று எச்சரித்த அதன் பலகை பைக் பயணிகளிடையே புகழ் பெற்றது. இங்கே ஒவ்வொரு பைக்கும் டாங்கை நிரப்பிக்கொள்வதுடன், குழுவுக்காக ஐந்து லிட்டர் கேன்கள் சிலவற்றிலும் பெட்ரோல் பிடித்துக் கட்டப்படுகிறது. டாங்குக்குள் போவது அந்தந்த பைக்கின் செலவு என்பதில் தகராறு இல்லை. கேனில் இருப்பது யாருடையது? ஏற்றத்தில் மெல்லிய காற்றில் திணறி அதிகம் குடிக்கும் பைக்கும் உண்டு, பின்னால் ஆளும் சுமையும் ஏற்றிய பைக்கும் உண்டு, தனியாளாக லேசாகச் செல்லும் பைக்கும் உண்டு. வழியிலுள்ள பாங் என்னும் இடத்தில் கூடாரக் கடையின் ஓரம் பைக்குகளை நிறுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டிப் புனலாக்கிக் கேனிலிருந்து ஊற்றும்போது, யாருக்கு எத்தனை பாட்டில் என்று எண்ணுகிற குழுக்களும் உள்ளன. எண்ணாமல் கேன் பெட்ரோல் முழுவதையும் பொதுச் செலவாக எழுதிவிடுவதே அறிவுடைமை என்று தோன்றுகிறது; ஏனெனில் அது எரிபொருளாக வாங்கப்படுவதைவிட, ஒருவரும் நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்பதற்கான காப்பாகவே வாங்கப்படுகிறது.

ஜிஸ்பாவிலும் அதற்கப்பால் ஹிமாச்சல், லடாக் எல்லையிலுள்ள சர்ச்சுவிலும் தங்குமிடங்கள் பெரும்பாலும் கூடாரங்கள். வாடகை பொதுவாகக் கூடாரத்துக்கு என்றோ, இரவு உணவும் காலை உணவும் சேர்த்துத் தலைக்கு என்றோ பேசப்படுகிறது. மூன்று நண்பர்களும் ஒரு தம்பதியும் அடங்கிய குழுவில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நேரடியாகப் பணமாகிறது: மூவர் ஒரு கூடாரத்தில் நெருக்கிப் படுக்க, இருவர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளும்போது, இரண்டு கூடாரங்களின் வாடகையைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் நெருக்கியடித்துப் படுத்தவர்கள் தம்பதியின் தனிமைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்கள். அறை வாடகையை அறைக்கு அறை பிரிப்பதும், உணவையும் வண்டியையும் தலைக்குத் தலை பிரிப்பதும் இதற்குத் தீர்வு. கணவன் மனைவி இருவரையும் ஒரே பங்காக எண்ணும் பழக்கமும் சில குழுக்களில் இருக்கிறது; அது மரியாதையாகத் தோன்றினாலும் வேனில் இரண்டு இருக்கைகளுக்கு ஒரு பங்கு தருவதில் முடிகிறது. தம்பதிக்குள்ளேயே பணம் எவர் கைபேசியிலிருந்து போகிறதோ அவரே எங்கே தங்குவது, எதைத் தவிர்ப்பது என்பதையும் தீர்மானிப்பவராகிவிடுவது இன்னொரு நிலை. பொதுப் பணப்பைக்கு இருவரும் தனித்தனியாகப் பங்கு போடும் குழுக்களில் மனைவியின் குரலும் செலவு பற்றிய பேச்சில் இயல்பாகவே சேர்ந்துவிடுகிறது.

சமப் பங்கீடு செலவைக் கூட்டும் என்பது ஆய்வில் காட்டப்பட்ட ஒன்று. ஊரி க்னீசி, எர்னான் ஹாருவி, ஹதாஸ் யாஃபே ஆகிய மூவர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இஸ்ரேலிய உணவகம் ஒன்றில் ஆறாறு பேராக அமர்ந்தவர்கள் தத்தம் உணவுக்குத் தாமே பணம் கொடுத்தபோது சராசரியாக ஏறத்தாழ 37 ஷெக்கலுக்கும், மொத்தத் தொகையைச் சமமாகப் பிரித்துக்கொண்டபோது ஏறத்தாழ 51 ஷெக்கலுக்கும் உண்டனர். கூடுதலாகக் கேட்கும் ஒவ்வோர் உணவிலும் ஆறில் ஐந்து பங்கைப் பிறரே சுமப்பதால் கை தாராளமாகிறது. ஆனால் இந்த விதி இடத்தைப் பொறுத்தது. இச்சாலையோரத்துப் பரத்பூரிலும் பாங்கிலும் பாராசூட் துணிக் கூடாரங்களில் கிடைப்பவை ராஜ்மா சாதம், ஆம்லெட், மேகி, தேநீர். அங்கே தாராளமாக உண்ண நினைப்பவரும் அதிகம் உண்ண முடியாது, உயரத்தில் பசியும் மந்தமாகிவிடும். ஆகவே வழியெங்கும் சமப் பங்கீடு எவருக்கும் தீங்கு செய்வதில்லை. லேயின் கடைவீதியில் இத்தாலிய உணவும் திபெத்திய உணவும் அடுத்தடுத்த மாடிகளில் கிடைக்கும் நாளிலிருந்து அவரவர் தட்டுக்கு அவரவர் பணம் என்று மாற்றிக்கொள்ளலாம். வழி முழுவதற்கும் ஒரே விதியை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பொதுப் பணம் உண்மையான சோதனைக்குள்ளாகும் இடம் சர்ச்சு. ஜிஸ்பா ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. சர்ச்சு ஏறத்தாழ 4,290 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்று மலை மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கையில், ஒரே நாளில் அதைப் போல் இருமடங்கு ஏறுபவர்களில் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை வருகின்றன. இதுவே உயர நோய் எனப்படுகிறது. முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது செய்ய வேண்டியது உடனே தாழ்வான இடத்துக்கு இறக்குவது. நள்ளிரவில் ஒரு வண்டியை ஏற்பாடு செய்து, ஒருவரைத் துணைக்கு அனுப்பி, கீலாங்குக்கு இறக்கும் செலவு யாருடையது? நோயுற்றவருடையது என்று சொல்பவர்களும் உண்டு.

இக்கேள்விக்கு மிகப் பழைய விடை ஒன்று கடல்வழி வணிகச் சட்டத்தில் இருக்கிறது. புயலில் சிக்கிய கப்பலைக் காப்பாற்ற ஒரு வணிகரின் சரக்கைக் கடலில் வீச நேர்ந்தால், அந்த இழப்பைக் கப்பலில் சரக்கு வைத்திருந்த அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற ரோட்ஸ் தீவின் விதியை, 533இல் வெளியிடப்பட்ட ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு தனித் தலைப்பில் பதிவு செய்திருக்கிறது. 1877இல் யார்க்–ஆன்ட்வெர்ப் விதிகளாக வகுக்கப்பட்டு இன்றும் கப்பல் வணிகத்தில் அது வழங்குகிறது. எல்லோருடைய பாதுகாப்புக்காக வேண்டுமென்றே ஏற்ற இழப்பு பொது இழப்பு. தற்செயலாக ஒருவர் பொருளுக்கு நேர்ந்த சேதம் தனி இழப்பு. இந்த அளவுகோலை மலைச்சாலையில் வைத்துப் பார்த்தால் பல வழக்குகள் தெளிவாகின்றன. நீரோடையைக் கடக்கையில் ஒருவரின் கைபேசி விழுந்து போவது தனி இழப்பு. வாடகை பைக்கின் கிளட்ச் லிவர் ஓட்டியவரின் கவனக்குறைவால் முறிவதும் தனி இழப்பே. ஆனால் பின்தங்கியவரைத் தேடி வரக் குழு ஓட்டியவரைத் திருப்பி அனுப்பியபோது முறிந்திருந்தால் அது பொது இழப்பாகிறது. நோயுற்றவரை இறக்கும் செலவு ஒருபடி மேலே போய்ப் பார்க்க வேண்டியது: ஜிஸ்பாவில் இன்னோர் இரவு தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளாமல், ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்த எல்லோரும் சேர்ந்துதானே சர்ச்சுவுக்கு விரைந்தார்கள்? மிச்சத்தில் அனைவரும் பங்கு பெற்றுவிட்டு, அதனால் வந்த செலவை உடல் தாங்காத ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது எந்தக் கணக்கிலும் நேராகாது.

நடுவழியில் பிரிபவர் பற்றிய விதியும் இந்திய மரபில் பழமையானது. பலர் சேர்ந்து செய்யும் முயற்சியைத் தனி வழக்குத் தலைப்பாகவே தர்ம நூல்கள் வைத்திருந்தன. அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணம் கூட்டாகப் பணி செய்வோர் வருவாயைச் சமமாகவோ, பேசிக்கொண்டபடியோ பிரித்துக்கொள்ளலாம் என்று கூறுவதோடு, வேலை தொடங்கிய பின் நல்ல உடல்நிலையிலிருந்தும் கூட்டத்தை விட்டு விலகுபவருக்கு 12 பணம் தண்டம் விதிக்கிறது. உடல்நிலை என்ற நிபந்தனையை அது சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. லேயிலிருந்து விமானம் மலிவாகக் கிடைத்தது என்று மூன்று நாள் முன்னதாகக் கிளம்புபவரும், உடல் ஒத்துழைக்காமல் திரும்புபவரும் ஒன்றல்லர். முதலாமவர் பேசிய வண்டியின் பங்கை முழுதாகத் தர வேண்டும், இரண்டாமவரிடம் அதைக் கேட்கவே கூடாது.

தங்லங் லாவின் 5,328 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி உப்ஷியில் சிந்து நதியைத் தொட்டதும் கைபேசிகள் மெல்ல உயிர்பெறுகின்றன. எல்லாக் கைபேசிகளும் அல்ல. வேறு மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம்கள் லடாக்கில் இயங்குவதில்லை, போஸ்ட்பெய்டு மட்டுமே இயங்கும் என்ற விதியால், குழுவில் போஸ்ட்பெய்டு வைத்திருக்கும் ஒரே நபர் அங்கே அனைவருக்குமான யூபிஐ கையாகிவிடுகிறார். விடுதி வாடகை, வண்டி, நுழைவுக் கட்டணம் எல்லாம் அவர் கணக்கிலிருந்தே போகின்றன. சென்னையில் ரயில் பதிவு செய்தவருக்கு நேர்ந்தது இப்போது இவருக்கு நேர்கிறது. பொதுப் பணப்பையில் ரொக்கம் மீதமிருக்கும் குழுவில் மட்டும், அவர் யூபிஐயில் கட்டிய தொகையை அன்றிரவே ரொக்கமாக எடுத்துக்கொள்கிறார்.

லேயில் பொதுப் பணத்துக்கு இன்னொரு செலவும் காத்திருக்கிறது. மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்குகளை நுப்ரா பள்ளத்தாக்குக்கும் பாங்கொங் ஏரிக்கும் ஓட்டிச் செல்ல உள்ளூர் பைக் வாடகைச் சங்கத்தினர் அனுமதிப்பதில்லை. ஆகவே அவற்றை விடுதி வாசலில் நிறுத்திவிட்டு, லே பதிவெண் கொண்ட பைக்கையோ டாக்சி சங்கம் அச்சிட்டிருக்கும் கட்டணப் பட்டியல்படி ஒரு வண்டியையோ மறுபடி எடுக்க வேண்டும். தம் சொந்த பைக்கை ரயிலில் பார்சலாக அனுப்பிக் கொண்டுவந்தவர் ஒருவர் குழுவில் இருந்தால் அவருக்கு இச்செலவு இல்லை. எல்லோரும் வண்டியில் போவதென்று முடிவெடுத்தால் அவரும் பங்கு தருவார். மற்றவர்கள் உள்ளூர் பைக்குகளில் போவதென்றால் அது அவரவர் தனிச் செலவு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மணாலியிலிருந்தே வேனில் வந்த குழுக்களுக்கு இந்த இரட்டை பைக் வாடகை இல்லை. அவர்களிடம் சொல்வதற்குக் கதைகள் குறைவு என்பது வேறு.

பணப்பையை லேயில் வைத்தே முடித்துவிடுவது நடைமுறைக்கு உகந்தது. சிலர் அங்கிருந்து டெல்லிக்கு விமானத்தில் திரும்புவர், சிலர் கார்கில், ஸோஜி லா வழியாக ஸ்ரீநகருக்குத் தொடர்வர். இரு தரப்பின் செலவும் இனி ஒன்றல்ல. ஓட்டுநருக்கு ஏதேனும் கொடுத்தது போக மீதியைத் தலைக்குப் பிரித்து, சில்லறை பிரியாமல் நின்றால் அன்று மாலைத் தேநீருக்கு ஒதுக்கி, நோட்டில் கோடு போட்ட பின், ஸ்ரீநகர் செல்பவர்கள் அடுத்த பக்கத்தில் புதிய முன்பணத்தை எழுதிக்கொள்ளலாம்.